ஓட்டுவதா, நிறுத்தி வைப்பதா? பழைய தங்க ஆலை இயந்திரங்களை மீட்பது பற்றி ஓர் ஆய்வு

கலிபோர்னியாவில், சியரா நெவாடா மலைத்தொடருக்குக் கிழக்கே, போடி என்றொரு கைவிடப்பட்ட சுரங்க நகரம் இருக்கிறது. 1962-இல் அது மாநில வரலாற்றுப் பூங்காவானது. அங்கே கடைப்பிடிக்கப்படும் கொள்கை எளிமையானது: எதையும் புதிதாக்கக் கூடாது, எதையும் இடிந்து விழவும் விடக் கூடாது. அங்குள்ள ஸ்டாண்டர்டு மில்லில் ஒரு காலத்தில் இரவு பகலாகப் பாறையை இடித்த 20 இரும்பு உலக்கைகள் இன்று அசையாமல் நிற்கின்றன. நியூசிலாந்தின் தேம்ஸ் ஊரிலோ, அதே வகை இயந்திரம் ஒன்றை உள்ளூர் ஆர்வலர்கள் பழுதுபார்த்து, வருகிறவர்கள் கண்ணெதிரே ஓட்டிக் காட்டுகிறார்கள்.

இரண்டு ஊரிலும் நோக்கம் பாதுகாப்புதான். ஆனால் எதைப் பாதுகாக்கிறோம் என்ற கேள்விக்கு அவர்கள் தரும் விடைகள் வேறு. போடி, பொருளைக் காக்கிறது. தேம்ஸ், அந்தப் பொருள் செய்த வேலையைக் காக்கிறது. பழைய தங்கச் சுரங்கக் கருவிகளை மீட்பது பற்றி எழுதப்பட்டவற்றையும் செய்யப்பட்டவற்றையும் எடுத்துப் பார்த்தால், எல்லா விவாதமும் இந்த இரண்டு விடைகளுக்கு நடுவில்தான் நடக்கிறது. சில கருவிகளைக் கட்டாயம் ஓட்ட வேண்டும், சிலவற்றைத் தொடவே கூடாது என்பது என் முடிவு. எதை ஓட்டலாம் என்பதை அந்த இயந்திரம் எப்படி வேலை செய்தது என்பதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். அதை நமக்குச் சொல்லக்கூடிய மனிதர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதுதான் இதில் மிக அவசரமான வேலை.

இடிக்கும் இயந்திரம்

பாறைக்குள் இருக்கும் தங்கத்தை எடுக்க வேண்டுமானால் முதலில் பாறையைப் பொடியாக்க வேண்டும். அந்த வேலையை நூற்றாண்டுகளாகச் செய்தது ஸ்டாம்ப் மில். 1556-இல் வெளியான அக்ரிகோலாவின் சுரங்கவியல் நூலிலேயே நீர்ச்சக்கரத்தால் இயங்கும் மர உலக்கைகளின் படங்கள் இருக்கின்றன. கலிபோர்னியாவில் 19-ஆம் நூற்றாண்டில் அது இரும்பாலான கனரக இயந்திரமாக உருவெடுத்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, கோலார் என்று தங்கம் கிடைத்த இடமெல்லாம் போய்ச் சேர்ந்தது.

தத்துவம் நம் வீட்டு உரலும் உலக்கையும்தான். கனமான வார்ப்பிரும்புப் பெட்டி ஒன்று உரல். அதற்குள் ஐந்து உலக்கைகள் வரிசையாக விழுகின்றன. மேலே குறுக்காக ஓடும் தண்டில் வளைந்த கை போன்ற கேம்கள் பூட்டப்பட்டிருக்கும். தண்டு சுழலும்போது கேம், உலக்கைத் தண்டில் இறுக்கியிருக்கும் கழுத்துப் பட்டையைத் தூக்கி, உச்சியில் விட்டுவிடும். கலிபோர்னியா வகை உலக்கை ஒன்றின் எடை 750 முதல் 1,000 பவுண்டு வரை இருக்கும். அதற்கு மேலும் போனதுண்டு. விழும் உயரம் ஏழெட்டு அங்குலம்தான். ஆனால் நிமிடத்துக்கு 90 முதல் 100 தடவை விழும். ஒரு நாள் நிற்காமல் ஓடினால் ஒரே உலக்கை ஏறத்தாழ 1,40,000 முறை இடித்திருக்கும்.

பெட்டிக்குள் தண்ணீர் பாய்ந்துகொண்டே இருக்கும். பொடியான பாறை சேறாகி, சல்லடை வழியே வெளியேறி, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின் மேல் வழிந்தோடும். தங்கத் துகள்கள் பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்தக் கலவையைச் சுரண்டி எடுத்து மூடிய பாத்திரத்தில் காய்ச்சினால் பாதரசம் ஆவியாகிப் பிரிந்துபோகும், தங்கம் தங்கிவிடும்.

இவ்வளவும் படத்தைப் பார்த்தாலே புரியும். ஆனால் படத்தில் தெரியாத சில விஷயங்கள் இருக்கின்றன. ஐந்து உலக்கைகளும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக விழுவதில்லை. கலிபோர்னியாவில் பரவலாக இருந்த முறை 1-4-2-5-3. வரிசையாக விழுந்தால் பாறைச் சேறு பெட்டியின் ஒரு மூலைக்குத் தள்ளப்பட்டு அங்கேயே குவியும். ஒரு பக்க உலக்கை வெறும் இரும்பில் மோதும். மாற்றி மாற்றி விழுந்தால் சேறு பெட்டி முழுக்கச் சமமாகப் பரவும். இரண்டாவது, உலக்கை ஏறும்போது தானும் மெல்லச் சுழல வேண்டும். கேம், கழுத்துப் பட்டையின் நடுவில் படாமல் ஓரத்தில் உரசித் தூக்குவது அதற்காகத்தான். அந்தச் சுழற்சியால் அடியிலிருக்கும் இரும்புக் குளம்பு ஒரே சீராகத் தேயும். சுழலாத உலக்கையின் குளம்பு ஒரு பக்கம் சாய்ந்து தேய்ந்து, தண்டையே வளைத்துவிடும்.

மூன்றாவது, காது. மில்லில் வேலை செய்தவர் சத்தத்தைக் கேட்டே பெட்டிக்குள் எவ்வளவு பாறை இருக்கிறது என்று சொல்லிவிடுவார். இரும்பும் இரும்பும் மோதும் கணீர் ஓசை வந்தால் பாறை போதவில்லை; சத்தம் மழுங்கிப் போனால் அதிகமாகக் கொட்டிவிட்டார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓர் உலக்கையை மட்டும் நிறுத்த வேண்டுமானால், மேலேறும் கேமின் முதுகில் ஒரு மரக் கட்டையை வைத்து உலக்கையை இயல்பைவிடச் சற்று மேலே எழச் செய்து, அந்த நொடியில் கழுத்துப் பட்டைக்கு அடியில் முட்டுக்கட்டையைத் தள்ளுவார்கள். நொடி தப்பினால் விரல் போகும். இந்தக் கைப்பழக்கத்தை எந்த வரைபடமும் கற்றுத் தராது. இயந்திரம் ஓடும் இடத்தில், தெரிந்தவர் பக்கத்தில் நின்று பழகினால்தான் வரும்.

எது அசல்?

ஓட்டக் கூடாது என்பவர்களின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஓடும் எதுவும் தேயும். தேய்ந்ததை மாற்றிக்கொண்டே போனால் ஒருநாள் பழைய இயந்திரத்தில் பழையது எதுவும் மிஞ்சாது. பழைய இரும்பில் வார்ப்பாலையின் முத்திரை இருக்கும். அவசரத்துக்கு யாரோ செய்த ஒட்டு வேலை இருக்கும். எண்ணெயும் பாறைத் தூளும் சேர்ந்து இறுகிய படலம் இருக்கும். இவை எல்லாமே சான்றுகள். மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்து பளபளவென்று வண்ணம் அடித்தால் ஒரு மணி நேரத்தில் அவ்வளவும் போய்விடும்.

ஆனால் ஸ்டாம்ப் மில்லின் கட்டமைப்பே இந்த வாதத்துக்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. அதில் இரண்டு வகை உறுப்புகள் உண்டு. குளம்பு, அதற்குக் கீழே அடிவாங்கும் அச்சு, சல்லடை ஆகியவை தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை. ஆலை ஓடிய காலத்திலேயே சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ ஒருமுறை அவற்றைக் கழற்றிப் போட்டுப் புதிதாகப் பூட்டினார்கள். அவற்றை இன்று புதிதாக வார்த்துப் பூட்டுவதால் எந்த அசலும் கெடுவதில்லை. அப்படி மாற்றுவதுதான் அந்த இயந்திரத்தின் வழக்கமே. இடிபெட்டி, கேம் தண்டு, தாங்கு சட்டம் ஆகியவை வேறு வகை. அவை தலைமுறைகளைத் தாண்டி நின்றவை. அவற்றில் விரிசல் விழுந்தால் இழப்பு நிரந்தரம். முதல் வகையைத் தாராளமாக மாற்றலாம், இரண்டாம் வகையைத் தொடுமுன் நூறு முறை யோசிக்க வேண்டும் என்பதே இதிலிருந்து கிடைக்கும் முதல் விதி.

சுரங்கத் தொழிலில் 'அசல்' என்பதே கலப்பான விஷயம் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு சுரங்கம் வற்றினால் அதன் இயந்திரத்தைக் கழற்றி அடுத்த சுரங்கத்துக்கு விற்றார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் சம்ப்டர் பள்ளத்தாக்கில் பாதுகாக்கப்படும், மண்ணை வாரித் தங்கம் பிரிக்கும் மிதவைத் தூர்வாரி 1935-இல் கட்டப்பட்டது. அதன் உறுப்புகளில் பெரும்பகுதி அதற்கு முந்தைய தூர்வாரியிலிருந்து எடுத்தவை. பிறந்தபோதே பழைய உறுப்புகளோடு பிறந்த இயந்திரம் அது.

1942 அக்டோபரில் அமெரிக்கப் போர் உற்பத்தி வாரியம் எல்-208 என்ற ஆணையால் பெரும்பாலான தங்கச் சுரங்கங்களை நிறுத்தியது. ஆளும் இரும்பும் போருக்குத் தேவைப்பட்டன. நின்ற ஆலைகளில் பல மறுபடி ஓடவே இல்லை. இன்று அங்கே மலைச்சரிவுகளில் நிற்கும் எஞ்சிய இயந்திரங்கள் பழைய இரும்புக் கடைக்குப் போகாமல் தப்பியவை. எனவே எஞ்சியது ஒவ்வொன்றுக்கும் மதிப்பு அதிகம்.

உலகம் எடுத்த வழிகள்

நிற்கவைத்துக் காப்பதில் போடி ஓர் எல்லை என்றால், கனடாவின் யூக்கான் பகுதியில் உள்ள தூர்வாரி எண் 4 இன்னொரு வகை. போனன்சா ஓடைக்கரையில் நிற்கும் இந்த மர அடித்தள மிதவை எட்டு மாடி உயரம். 1913-இல் வேலையைத் தொடங்கி 1959 வரை ஓடியது. தானே தோண்டிய குளத்தில் மிதந்துகொண்டு, முன்னால் வாளிச் சங்கிலியால் மண்ணை வாரி, உள்ளே சலித்துத் தங்கத்தைப் பிரித்து, மிச்சத்தைப் பின்னால் கொட்டிக்கொண்டே நகரும். நின்றபின் சேற்றிலும் பனிக்கட்டியிலும் புதைந்துபோனது. 1990-களின் தொடக்கத்தில் பார்க்ஸ் கனடா, ராணுவப் பொறியாளர்களின் உதவியோடு அதைத் தோண்டி, மிதக்கவிட்டு, பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுவந்தது. அதை மறுபடி ஓட்டுவது பற்றிப் பேச்சில்லை. ஓட்டினால் ஓடைப் பள்ளத்தாக்கையே மறுபடி புரட்டிப் போட வேண்டியிருக்கும். இவ்வளவு பெரிய இயந்திரத்தை நிற்கவைப்பதுதான் சரி.

நியூசிலாந்தின் வைஹியில் நடந்தது கட்டட மீட்பு. மார்த்தா சுரங்கத்தின் தண்ணீரை இறைக்க 1904-இல் எழுப்பிய கார்னிஷ் பம்ப் வீடு, பக்கத்தில் வெட்டிய திறந்தவெளிச் சுரங்கத்தால் நிலைகுலையத் தொடங்கியது. 2006-இல் சுமார் 1,840 டன் எடையுள்ள அந்தக் கட்டடத்தை அப்படியே கிட்டத்தட்ட 300 மீட்டர் நகர்த்தினார்கள். பொறியியலில் அது பெரிய சாதனை. ஆனால் உள்ளே பம்ப் இயந்திரம் இல்லை. அது முன்பே போய்விட்டது. கூட்டைக் காக்க இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கும்போது, உள்ளிருந்த உயிரை அன்றே காத்திருக்கக் கூடாதா என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஓட்டிக் காட்டும் வழியில் மூத்தது ஆஸ்திரேலியாவின் பல்லராட். 1970-இல் திறந்த சாவரின் ஹில் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நீராவி இயந்திரங்களும் இடிக்கும் உலக்கைகளும் உண்மையாகவே ஓடுகின்றன. குயின்ஸ்லாந்தின் சார்ட்டர்ஸ் டவர்ஸில் 1872-இல் தொடங்கிய வீனஸ் மில் சுமார் நூறாண்டு வேலை செய்து, அதே இடத்தில் அருங்காட்சியகமாகியிருக்கிறது. ஓடிய ஆலை அங்கேயே நிலைத்ததால் இயந்திரங்களின் வரிசையும் வேலையின் ஒழுங்கும் கலையவில்லை.

இயந்திரத்தோடு பட்டறையையும் காப்பது இன்னும் அரிதான வழி. கலிபோர்னியாவின் சட்டர் கிரீக்கில் 1873-இல் சாமுவேல் நைட் தொடங்கிய வார்ப்பாலை தண்ணீர்ச் சக்கரத்தால் இயங்கி, சுரங்கங்களுக்கு இயந்திரம் வார்த்துத் தந்தது. 1996 வரை தொழில் நடந்தது. இப்போது ஆர்வலர்கள் அதை மறுபடி இயக்கிக் காட்டுகிறார்கள். உடைந்த உறுப்பைப் புதிதாக வார்க்கும் கலை உயிரோடிருந்தால்தான் மற்ற எல்லா மீட்பும் நடக்கும்.

கொள்கை ஆவணங்களும் இந்த அனுபவங்களோடு சேர்ந்தே வளர்ந்தன. ஆஸ்திரேலியாவின் பர்ரா சாசனம் 1979-இல் ஒரு பழைய செப்புச் சுரங்க ஊரில் ஏற்கப்பட்டது. தேவையான அளவு செய், முடிந்தவரை குறைவாக மாற்று என்பதே அதன் சாரம். 2003-இல் ரஷ்யாவின் நிஷ்னி தாகிலில் ஏற்ற தொழில்துறை மரபுச் சாசனம் ஒரு படி மேலே போய், பழைய தொழில்களின் கைத்திறனும் ஈடுசெய்ய முடியாத செல்வம், அதைப் பதிவு செய்து இளையவர்களுக்குக் கடத்த வேண்டும் என்கிறது. முதல் சாசனம் போடிக்கு ஆதரவு, இரண்டாவது தேம்ஸுக்கு. இரண்டையும் சேர்த்துப் படித்தால் முரண் இல்லை.

பட்டறையில் நடப்பது

நல்ல மீட்பு வேலை ஸ்பேனரை எடுப்பதில் தொடங்குவதில்லை. முதலில் படம் எடுத்து, அளந்து, வரைந்து, ஒவ்வோர் உறுப்புக்கும் எண்ணிட்டுத் தகடு கட்டுவார்கள். எந்தத் துரு வேலையால் வந்தது, எது கைவிட்டதால் வந்தது என்று பிரித்துக் குறிப்பார்கள். அதன் பிறகே கழற்றுவது.

துருவை நீக்குவதில் மென்மையான வழிகளே சிறந்தவை: கம்பித் தூரிகை, மண்ணெண்ணெய், சலவைச் சோடாக் கரைசலில் மின்சாரம் செலுத்தும் முறை. வார்ப்பிரும்பில் விரிசல் இருந்தால் சாதாரண வெல்டிங் ஆபத்து; சூடு ஓரிடத்தில் ஏறினால் பக்கத்தில் புது விரிசல் ஓடும். முழு உறுப்பையும் முன்கூட்டியே சூடேற்றி நிக்கல் கம்பியால் பற்றவைப்பார்கள்; அல்லது சூடே இல்லாமல் விரிசலின் குறுக்கே உலோகத் தையல் போடுவார்கள். தையல் வெளியே தெரியும், தெரிவது நல்லது. எது பழையது, எது பழுதுபார்த்தது என்று அடுத்த தலைமுறை படித்துக்கொள்ளும்.

பார்க்க வேண்டிய வேலை, கேம் தண்டின் பேரிங்கை வார்ப்பது. அந்தக் காலத்துப் பேரிங்கில் குண்டுகள் இல்லை. வெள்ளீயம், ஆன்டிமனி, செம்பு கலந்த ஒயிட்மெட்டலை உருக்கி, தண்டைச் சுற்றியே நேரடியாக வார்த்துவிடுவார்கள். தண்டைச் சரியான மட்டத்தில் தாங்கி நிறுத்தி, புகையும் விளக்குச் சுடரால் அதன் மேல் கரி படியவிடுவார்கள். உலோகம் தண்டோடு ஒட்டாமலிருக்க அந்தக் கரிதான் காப்பு. பக்கவாட்டில் களிமண்ணால் கரை கட்டுவார்கள். ஈரம் ஒரு துளி இருந்தாலும் உருகிய உலோகம் வெடித்துத் தெறிக்கும் என்பதால் எல்லாவற்றையும் காய்ச்சி உலர்த்துவார்கள். உருகல் தயாரா என்று பார்க்கக் காய்ந்த பைன் குச்சியை உள்ளே முக்குவார்கள். குச்சி கருகினால் சரி, தீப்பற்றினால் சூடு அதிகம், நிறமே மாறாவிட்டால் இன்னும் போதாது. பிறகு ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும்; நடுவில் நிறுத்தினால் மடிப்பு விழும். ஆறியபின் தண்டில் நீல மை தடவிச் சுழற்றி, மை ஒட்டிய மேடுகளைச் சுரண்டியால் சீவிச் சீவிப் பொருத்துவார்கள். பொறுமை மட்டுமே இங்கே அளவுகோல்.

பேரிங்குக்கும் கேமுக்கும் இடும் கிரீஸிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரு சொட்டு பெட்டிக்குள் வழிந்தாலும் பழைய நாளில் மில்காரர் பதறுவார். எண்ணெய் படர்ந்த தங்கத்தைப் பாதரசம் பிடிக்காது.

கொதிகலன் தனிக் கதை. ஆணி அடித்த பழைய கொதிகலனை வண்ணம் பூசி வைத்தால் அழகாக இருக்கும். உள்ளே தகடு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. 2001-இல் ஓஹையோ மாநிலத்தின் மெடினாவில் ஒரு கண்காட்சி மைதானத்தில் பழைய நீராவி இழுவை இயந்திரத்தின் கொதிகலன் வெடித்து ஐந்து பேர் இறந்தார்கள். அது சுரங்க இயந்திரமில்லை. பாடம் எல்லாப் பழைய கொதிகலனுக்கும் பொருந்தும். மீயொலியால் தகட்டின் தடிமனை அளந்து, தண்ணீர் அழுத்தச் சோதனை முடித்து, அரசு ஆய்வாளர் ஒப்புக்கொண்டால் மட்டுமே நெருப்பு மூட்டலாம். சந்தேகம் இருந்தால் அமுக்கிய காற்றாலோ மின் மோட்டாராலோ இயந்திரத்தைச் சுழற்றிக் காட்டலாம். அதில் எந்தக் குறைவும் இல்லை. மனித உயிரைவிட நீராவியின் அசல்தன்மை பெரிதில்லை.

பாதரசம் விட்டுப்போனது

பழைய தங்க இயந்திரத்தை ஓட்டுவது என்றால் பழைய வேலையை முழுதாகத் திரும்பச் செய்வது என்று பொருளாகாது. கலிபோர்னியாவின் தங்க வேலைக்கு மட்டும் சுமார் 2 கோடியே 60 லட்சம் பவுண்டு பாதரசம் பயன்பட்டதாக அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் கணிசமான பங்கு மண்ணிலும் ஆற்றிலும் கலந்தது. அங்குள்ள ஆற்று மீன்களில் இன்றும் அதன் தடம் இருக்கிறது. 1887-இல் கிளாஸ்கோவில் காப்புரிமை பெற்ற மெக்ஆர்தர்-ஃபாரஸ்ட் சயனைடு முறை, பாதரசம் பிடிக்காத தங்கத்தையும் கரைத்து எடுத்தது. கூடவே கழிவு மலைகளை உருவாக்கியது.

ஆகவே பழைய மில்லைத் தொடும் எவரும் முதலில் மரச் சட்டத்தின் இடுக்குகளிலும் செப்புத் தகடுகளிலும் தரையடியிலும் தேங்கிய பாதரசத்தைச் சோதிக்க வேண்டும். குழாய்களைச் சுற்றிய கல்நார், ஈயம் கலந்த பழைய வண்ணம், பாறைத் தூளின் சிலிக்கா ஆகியவற்றையும் சேர்த்துத்தான். சிலிக்காத் தூள் நுரையீரலை இறுக்கிக் கொன்ற சுரங்கத் தொழிலாளர்கள் எண்ணற்றவர்கள். காட்சிக்கு ஓட்டும்போது தண்ணீர் விட்டே ஓட்ட வேண்டும். காது மூடி கட்டாயம். பாதரசத் தகட்டுக்குப் பதிலாக அசைமேசை. 1890-களில் கொலராடோவில் ஆர்தர் வில்ஃப்லி உருவாக்கிய அசைமேசை, வரி வரியான பலகையை ஆட்டி, கனமான தங்கத்தையும் லேசான மணலையும் தண்ணீரில் பிரித்துவிடும். அதுவும் பழைய கருவிதான். நஞ்சு இல்லாத பழைய கருவி.

இதைப் பொழுதுபோக்கு ஆர்வலர்களோடு நிறுத்திவிடவும் முடியாது. ஜிம்பாப்வேயில் இன்றும் ஸ்டாம்ப் மில்கள் பிழைப்புக்காக ஓடுகின்றன. சிறு சுரங்கக்காரர்கள் பாறையை மில்லுக்குக் கொண்டுவந்து கூலிக்கு இடித்து வாங்கிப் போகிறார்கள். மேற்கு ஆஸ்திரேலிய அரசு 1890-களின் இறுதியிலிருந்து 1980-கள் வரை இதே போன்ற பொது மில்களை நடத்தியது. சொந்த ஆலை கட்ட வசதியில்லாத தேடுநர்களுக்கு அவை பெரிய துணை. மனிதரால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்தே வருகிறது என்று 2018-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் மதிப்பிட்டது. 2013-இல் உருவான மினமாட்டா ஒப்பந்தம் அதைக் குறைக்கச் சொல்கிறது. அருங்காட்சியகங்கள் பாதரசமின்றி மில் ஓட்டும் முறையைச் செம்மைப்படுத்தினால், அந்த அறிவு ஏழைத் தொழிலாளியின் கைக்கும் போய்ச் சேரலாம். பழைய கருவியை மீட்பதற்கு இதைவிடப் பெரிய நியாயம் வேண்டியதில்லை.

தங்கத்துக்குப் பிறந்து வேறு வேலைக்குப் போனவை

எல்லாப் பழைய கருவியும் அருங்காட்சியகத்துக்கே போக வேண்டும் என்பதில்லை. கலிபோர்னியச் சுரங்கங்களுக்காக லெஸ்டர் பெல்டன் வடிவமைத்து 1880-இல் காப்புரிமை பெற்ற நீர்ச்சக்கரம், 1883-இல் கிராஸ் வேலியில் நடந்த சோதனையில் 90 சதவீதத்துக்கு மேல் திறன் காட்டிப் போட்டியாளர்களை மிஞ்சியது. அங்கேயே நார்த் ஸ்டார் சுரங்கத்துக்கு 1890-களில் செய்த 30 அடி விட்டச் சக்கரம், அதன் மின்நிலையக் கட்டடத்திலேயே அருங்காட்சியகப் பொருளாக நிற்கிறது. அதன் சந்ததியோ நீலகிரியில் வேலை செய்கிறது: 1930-களில் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையம், 3,000 அடிக்கு மேலான நீர்வீழ்ச்சியைப் பெல்டன் சக்கரங்களால்தான் மின்சாரமாக்கியது. கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் கொடுக்கவே 1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்தில் அமைத்த நிலையம், ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து மின்சாரம் அனுப்பியது. தங்கவயல் மூடிய பின்னும் சிவசமுத்திரம் உற்பத்தியை நிறுத்தவில்லை.

கோலாரும் தேவாலாவும்

கோலார் தங்கவயலைத் தமிழர் யாரும் தூரத்து ஊராக நினைப்பதில்லை. 1880 முதல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நடத்திய அந்தச் சுரங்கங்களுக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து போன தமிழர்கள். அவர்களில் மிகப் பலர் தலித்துகள். நூற்றுக்கணக்கான உலக்கைகள் அங்கே இடித்தன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. சுமார் 800 டன் தங்கம் கொடுத்துவிட்டு, 2001 பிப்ரவரி 28-இல் தங்கவயல் மூடப்பட்டது. அங்கே இன்று எஞ்சியிருப்பவை சயனைடு மேடுகள், துருவேறும் தூக்குக் கோபுரங்கள், தண்ணீர் நிறைந்த குழிகள். கைவிட்ட சுரங்கத்துக்குள் இரும்புக்காக இறங்கி உயிரைவிட்டவர்களும் உண்டு. 'தங்கலான்' போன்ற திரைப்படங்கள் தங்கவயலின் தொடக்கத்தைத் திரையில் காட்டின. அந்த வயல் ஓடிய விதத்தைக் காட்டும் ஒரு முழு இயந்திரத்தை அங்கேயே ஓடும் நிலையில் வைக்க இன்னும் நமக்கு மனம் வரவில்லை.

தேவாலாவும் பந்தலூரும் இன்னும் பழைய கதை. 1879 முதல் மூன்றாண்டுகள் வயநாடு-கூடலூர் மலையில் தங்க மோகம் வீசியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து வந்த பிரவ் ஸ்மித் 1880-இல் நம்பிக்கையூட்டும் அறிக்கை கொடுக்க, லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. கனமான இயந்திரங்கள் மலைப்பாதையில் ஏற்றப்பட்டன. பாறை சொன்னபடி தங்கம் தரவில்லை. கம்பெனிகள் கலைந்தன; இயந்திரங்கள் காட்டில் விடப்பட்டன; நிலம் தேயிலைத் தோட்டமானது. அந்தக் குழிகளில் இன்றும் சட்டத்துக்குப் புறம்பாகத் தங்கம் தேடி உயிரிழக்கிறார்கள். அங்கே தேவைப்படுவது ஓட்டுவது இல்லை. எஞ்சிய இரும்பைக் கணக்கெடுத்து, குழிகளை அடைத்து, பேராசை எப்படி முடிந்தது என்பதை அந்த இடத்திலேயே பலகை வைத்துச் சொல்வதுதான்.

செய்ய வேண்டியது

இதுவரை பார்த்தவற்றிலிருந்து ஓர் ஒழுங்கு கிடைக்கிறது. தனித்த, கடைசியாக எஞ்சிய, மாபெரும் இயந்திரங்களை நிற்கவைத்துக் காக்கலாம். ஒரே மாதிரி பல எஞ்சியிருக்கும் ஸ்டாம்ப் மில் போன்றவற்றில் ஒன்றையாவது ஓட்ட வேண்டும்: தேய்வுறுப்புகளைப் புதிதாக வார்த்து, பழைய உறுப்புகளைத் தனியே பத்திரப்படுத்தி, குறைந்த நேரம், குறைந்த வேகத்தில், பாதரசம் இல்லாமல், தங்கமில்லாத வெள்ளைக் கல்லை இட்டு. மாற்றிய ஒவ்வோர் உறுப்பும் பதிவேட்டில் ஏற வேண்டும். காட்சியில் தங்கம் மட்டும் இருந்தால் போதாது. நுரையீரல் நோயும் நஞ்சு மேடும் அதே கூரையின் கீழ் சொல்லப்பட வேண்டும்.

கோலாரில் இந்த வேலையைத் தலைகீழாகத் தொடங்க வேண்டும்: இரும்புக்கு முன்னால் மனிதர். மூடும்போது நாற்பது வயதில், சுரங்கக் கூண்டை ஏற்றி இறக்கும் வைண்டிங் இன்ஜினை ஓட்டியவர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். மணியோசையை எண்ணிக் கூண்டை எந்த மட்டத்தில் நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். மில்லின் சத்தம் மாறினால் என்ன கோளாறு என்று அவரோடு வேலை பார்த்தவருக்குத் தெரியும். அவர்களை இயந்திரத்தின் அருகே நிற்கவைத்து, ஒவ்வொரு கைப்பிடியையும் தொட்டுச் சொல்லச் சொல்லி, காணொளியில் பதிவு செய்யப் பெரிய பணம் தேவையில்லை. ஒரு கல்லூரி இயந்திரவியல் துறை மனது வைத்தால் ஒரு கோடை விடுமுறையில் தொடங்கிவிடலாம். இரும்பு இன்னும் ஐம்பது ஆண்டு துருப்பிடித்தாலும் மீட்டுவிடலாம். அதை ஓட்டத் தெரிந்தவர்களின் அறிவுக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. அதனால் பதிவு வேலை டெண்டருக்கோ அருங்காட்சியகக் கட்டடத்துக்கோ காத்திருக்கக் கூடாது.